அப்பா பிடுங்கப் பிடுங்க முளைத்த மரங்கள்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலருடைய பால்கனியில் ஒரு காலத்தில் அப்பா கொடுத்த கன்று ஒன்று நின்றிருக்கும். அது பட்டுப்போனதை அவரிடம் சொல்லாமல் மறைத்தவர்களும் உங்களுக்குள் இருக்கிறீர்கள். அப்பாவுக்கு அது தெரியும், அவர் கோபிக்கவில்லை. முதலாவது ஆண்டு நினைவில் அந்தக் கன்றுகளின் கதையைத்தான் எழுதத் தோன்றுகிறது. நாங்கள் இன்று இத்தாலியின் பலெர்மோ நகரில் ஒரு குடும்பமாக இருப்பதே அதனால்தான்.

அப்பா வலிகாமத்தில் ஒரு தோட்டக்காரக் குடும்பத்தின் மூத்த மகனாகப் பிறந்தார். வெங்காயமும் வாழையும் அவருக்குக் கைவந்த தொழில். சண்டை தோட்டம் வரை வந்தபோது அம்மாவையும் தம்பியையும் என்னையும் கொழும்பில் உறவினர் வீட்டில் விட்டுவிட்டு, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தனியே இங்கு வந்தார். நகரின் நடுவே பொலிதேயாமாப் பக்கம் மாடிப்படிகள் கழுவினார். பிறகு நகரத்துக்கு வெளியே மலையடிவாரத்தில், பெரிய தோட்டத்தோடு தனியே வாழ்ந்த, நாங்கள் சின்யோரா என்று அழைக்கும் ஓர் இத்தாலிய அம்மாவின் வீட்டில் வேலை கிடைத்தது. மரம் வளர்க்கத் தெரியுமா என்று அவர் கேட்டதற்கு, எல்லா மரமும் தெரியும் என்று சொல்லிவிட்டாராம். அடக்கம் அப்பாவின் பெரிய குணங்களில் ஒன்றல்ல.

அந்தத் தோட்டத்தில் ஒரு வரிசை ஆஸ்பென் மரங்கள் நின்றன. சின்யோராவின் காலஞ்சென்ற கணவர் வடக்கே தன் குளிர் மலையூரிலிருந்து கொண்டுவந்து நட்டவை. காற்றில்லாத நேரத்திலும் அவற்றின் இலைகள் அரசிலை போல ஆடும். இந்த ஊர் வெயில் அவற்றுக்கு ஒத்துவராது. அப்பா சுற்றிவரப் பாத்தி கட்டி, தொட்டியிலிருந்து வாய்க்கால் வெட்டி, விடியவே ஆழ நனைத்து, அடியில் காய்ந்த புல்லைப் பரப்பி மூடுவார். மரங்கள் தெளிந்தன. சின்யோராவும் அப்பாவுக்கு நிரந்தர வேலை கொடுப்பதாக, வெளிநாட்டவரின் பத்திரங்களைப் பார்க்கும் பொலிஸ் அலுவலகமான குவெஸ்தூராவில் கையெழுத்து வைக்கச் சம்மதித்தார். அப்பா இங்கே தங்குவதற்கான பெர்மெஸ்ஸோ அனுமதியும் எங்கள் மூவரின் பயணமும் அந்தக் கையெழுத்தை நம்பியே இருந்தன.

அந்தக் கோடையில் சின்யோரா மகள் வீட்டுக்குப் போனார். புல்வெளியில் எழும்பியிருந்த பக்கக்கன்றுகளை அகற்றிவிடும்படி சொல்லிப் போனார். நிலத்தோடு நறுக்கிவிட்டிருந்தால் வேலை முடிந்திருக்கும். அப்பாவோ வாழைத் தோட்டக்காரர். வாழைக்குட்டியை யாராவது நறுக்கி எறிவார்களா? அலவாங்கு மாதிரி ஓர் இரும்பைத் தேடிப் பிடித்து, ஒவ்வொன்றையும் வேரோடு கிண்டி, ஈரச்சாக்கில் சுற்றி, பஸ்ஸில் ஏற்றி, நகரத்தில் ஒரேத்தோ, பிரான்காச்சோப் பகுதிகளில் இருந்த நம்மவர் வீடுகளுக்கெல்லாம் கொடுத்தார். குட்டி எடுத்தால் அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பதுதானே எங்கள் வழக்கம்.

ஆனால் ஆஸ்பென் வாழையல்ல. வேரில் காயம் பட்டால் அந்த வேர் நெடுக முளை விடுகிற சாதி. அப்பா கிண்டக் கிண்ட அவை முளைத்தன. புல்வெளியில், ரோஜாப் பாத்தியில், நடைபாதைக் கற்களுக்கு இடையில் என்று போகாத இடமில்லை. மத்தியானச் சாப்பாட்டையும் விட்டுவிட்டுக் கிண்டினார். அவரோடு ஒரே அறையில் இருந்த சித்தப்பா, மண்ணைப் போட்டு மூடிவிடச் சொன்னாராம். அதையும் செய்து பார்த்தார். மண்ணைத் தள்ளிக்கொண்டு வந்தன.

சின்யோரா திரும்பி வந்தபோது புல்வெளி இல்லை, ஒரு சிறு காடு இருந்தது. நேரே உள்ளே போய்விட்டார். குவெஸ்தூராவுக்குப் போக வேண்டிய நாள் நெருங்கியிருந்தது. வேலை போய்விட்டது, எங்களைக் கூப்பிடுவதும் இனி இல்லை என்றே அப்பா நினைத்தார். பிறகு குசினி வாசலில் போய் நின்றார்.

"‘இந்த மரம் எனக்குத் தெரியாது, சின்யோரா. தெரியும் எண்டு சொன்னது பொய்’ எண்டு சொன்னன். எனக்குத் தெரிஞ்ச இத்தாலியனிலை அவ்வளவுதான் வந்தது" என்று எங்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்.

சின்யோரா வெளியே வந்து, அவரை வரிசையின் கடைசி மரத்தடிக்கு அழைத்துப் போனார். அந்தக் கோடை வெயிலில் அது முழுதாகக் கருகிவிட்டது. கணவர் முதன்முதலில் நட்ட மரம் அது. அதன் வேரிலிருந்து, அப்பா கிண்டிய இடங்களிலெல்லாம் பச்சைத் தளிர்கள் நின்றன. சின்யோரா குனிந்து அவற்றைத் தொட்டுப் பார்த்தாராம். பிறகு, இந்த மரத்தைச் சுற்றி நிற்பவற்றை மட்டும் விட்டுவிடு, மற்றதை நறுக்கு, அந்த இரும்பை இனிக் கையில் எடுக்காதே என்றாராம். குறித்த நாளில் குவெஸ்தூராவுக்குக் கூடப் போய்க் கையெழுத்தும் வைத்தார்.

அப்பா நேரான கன்றுகளைத் தெரிந்தெடுத்துத் தடி ஊன்றிக் கட்டினார். நாங்கள் வந்து இறங்கியபோது அவை தம்பியை விட உயரம். முதல் நாள் தோட்டத்தைப் பார்த்த அம்மா, "உதெல்லாம் நீங்களோ நட்டனீங்கள்?" என்று கேட்டார்.

"நான் நடேல்லை. புடுங்கினனான்" என்றார் அப்பா.

அதன்பின் புதிதாக ஊரிலிருந்து வந்து எங்கள் வீட்டில் படுத்தெழும்பிய ஒவ்வொருவருக்கும் இந்தக் கதையைச் சொன்னார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கோ, வேலை போகாது என்பார். கடைசி மாதங்களில் மூச்சு வாங்கியபோதும், மரங்களுக்குத் தண்ணீர் விட்டதா என்றுதான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கேட்டார்.

அந்த நாட்களில் முறை வைத்துச் சோறும் சூப்பும் கொண்டுவந்த ஒரேத்தோக் குடும்பங்களுக்கும், இரவு பகல் பாராமல் கார் ஓட்டிய, பக்கத்து வீட்டு மொரீசியஸ்காரரான அண்ணாவுக்கும், பெறாத மகனாக நின்று தம்பியோடு இறுதிக் கிரியைகளைச் செய்தவருக்கும், அப்பாவைத் தோள்கொடுத்துச் சுமந்த எல்லோருக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி. சின்யோராவுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியாமல், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து அம்மாவோடு தோட்டத்துக்குப் போனோம். அவர் எங்களை அந்த மரத்தடிக்கு அழைத்துப் போய், புது வேலையாள் இங்கே ஒரு முளையைக்கூடத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டதாகச் சொன்னார்.

அப்பா போனபின் அன்றுதான் அம்மா முதன்முதலாகச் சிரித்தார்.

"புடுங்கச் சொல்லு பிள்ளை" என்றார் என்னிடம். "எங்களையும் புடுங்கினவங்கள்தானே. நாங்கள் இஞ்சை வந்து முளைக்கேல்லையே?"

நான் அதை இத்தாலிய மொழியில் சொன்னேன். சின்யோரா அம்மாவின் கையைப் பிடித்தார், அதன்பின் விடவேயில்லை.