நசீமா ஓட்டினாள்... நான் கத்தினேன்!

போன ஞாயிற்றுக்கிழமை சோழவரம் கார் ரேஸில் ஒரு வாசகி என்னைக் கண்டுபிடித்துவிட்டார்.

“மாமியார் மருமகள் கதையெல்லாம் எழுதுவீங்களே... இந்தப் புகையிலயும் சத்தத்துலயும் உங்களுக்கு என்ன வேலை?”

நியாயமான கேள்விதான். பதில் கொஞ்சம் நீளம். அதனால் அவரிடம் சிரித்து வைத்துவிட்டு, இங்கே சொல்கிறேன்.

வாணியம்பாடியில் எங்கள் பக்கத்து வீடு கரீம் பாயுடையது. தோல் வியாபாரத்தில் கமிஷன் ஏஜெண்ட். சர்க்கரை நோயால் அவருக்குப் பார்வை மங்கியபோது, வீட்டிலிருந்த பழைய வெள்ளைக் காரின் சாவியை மகள் நசீமா எடுத்துக்கொண்டாள். ஆம்பூர், ராணிப்பேட்டை என்று அப்பாவை ஏற்றிக்கொண்டு போய் வந்தாள். ஒரு பெண் கார் ஓட்டுவதை எங்கள் ஊரில் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். அவள் முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஹாரன் அடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பாள்.

அந்த நசீமாவுக்கு ரேஸ் பைத்தியம்! இருபத்தொரு வயதில் வேறு பைத்தியமே கிடைக்கவில்லையா என்று கேட்காதீர்கள். அவள் அம்மாவும் அதையேதான் கேட்டார்.

சென்னையில் ஒரு டயர் கம்பெனி, இளம் டிரைவர்கள் இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து ஜூனியர் டீம் அமைக்கப் போவதாக அறிவித்தது. கார், டயர், பயிற்சி எல்லாம் அவர்கள் பொறுப்பு. நன்றாக ஓட்டினால் வெளிநாட்டுப் பயிற்சிக்கும் அனுப்புவார்களாம். தேர்வு மட்டும் அவரவர் சொந்தக் காரில், ஜவ்வாது மலையில்... அடிவாரத்திலிருந்து புதூர்நாட்டுக்கு ஏற வேண்டும், பிறகு அதே பாதையில் இறங்க வேண்டும்.

“திறமை இருந்தா போதாதா? கம்பெனி எதுக்கு?” என்று கேட்டேன்.

“ஒரு ரேஸுக்கே டயர் தேஞ்சிடும்க்கா. கம்பெனி கை குடுக்கலன்னா எங்கள மாதிரி ஆளுங்க ரெண்டாவது ரேஸையே பாக்க முடியாது.”

கரீம் பாய் இரண்டு நாள் யோசித்தார். பேரணாம்பட்டில் அவளுக்கு ஒரு வரன் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. கடைசியில் எங்கள் வாசலில் வந்து நின்றார்.

“வண்டில பக்கத்துல ஒரு ஆள் ஒக்காந்து வழி சொல்லணுமாமே. யாரோ ஒரு பையனை ஒக்கார வெச்சு அனுப்ப முடியுமா? நீங்க போறதா இருந்தா சரின்றேன்மா.”

என்னையா? எங்கள் தெருவில் இடது பக்கம் எது என்று கேட்டாலே, எந்தக் கையால் சாப்பிடுகிறேன் என்று யோசித்துப் பார்க்கிறவள் நான்! ஆனால் அவருக்குப் பின்னால் மதில் சுவரின் மேலே இரண்டு கண்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. சரி என்று சொல்லிவிட்டேன்.

முந்தின வாரமே மலைக்குப் போய், மெதுவாக ஓட்டியபடி ஒவ்வொரு வளைவையும் குறித்துக்கொண்டோம். மற்றவர்கள் வளைவுகளுக்கு இங்கிலீஷில் நம்பர் போட்டார்கள். எனக்கு அது சரிப்படவில்லை. ‘சாதா’, ‘மோசம்’ என்று இரண்டு வகை வைத்துக்கொண்டேன். கொண்டை ஊசி வளைவுக்கு மட்டும் ‘அம்மாடி’. நசீமா விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு, “இதுவே இருக்கட்டும்க்கா. மறக்கவே மறக்காது” என்றாள்.

தேர்வு நாள். ஹெல்மெட்டுக்குள் என் கொண்டை அடங்கவில்லை. அவிழ்த்துப் பின்னிக்கொண்டேன். கம்பெனி மேனேஜர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“உங்கள்ல யார் டிரைவர்?”

“நான்தான் சார்.”

“பசங்கதான் வருவாங்கன்னு நெனச்சோம்...”

“பொண்ணுங்க வரக்கூடாதுன்னு போடலியே சார்?”

போடவில்லை. அவர் எங்கள் பெயர்களை எழுதிக்கொண்டார். கொடி அசைந்தது.

ஏறும்போது நடந்ததை எல்லாம் என்னால் வரிசையாகச் சொல்ல முடியாது. “வலது மோசம்! இடது சாதா! வலது அம்மாடி!” என்று கத்திக்கொண்டே இருந்தேன். சில அம்மாடிகள் குறிப்பில் இல்லாதவை. அவையாகவே வந்தன. பக்கத்தில் இருந்தவளோ மீன் முள் எடுக்கிறவள் மாதிரி அத்தனை கவனமாக, சத்தமே இல்லாமல் ஓட்டினாள். மேலே போய்ச் சேர்ந்தபோது நேரக் கணக்கில் நாங்கள் மூன்றாவது. முதல் இரண்டு பேருக்கும் எங்களுக்கும் வித்தியாசம் சில நொடிகள்தான்.

“எறங்கும்போது புடிச்சிடலாம்” என்றாள்.

இறங்கும்போதுதான் பிரேக் போனது.

பாதி மலை இறங்கியிருப்போம். லேசான தூறல். ஏதோ கருகுகிற வாசனை வந்தது. அடுத்த வளைவுக்கு முன்னால் அவள் கால் பிரேக்கை மிதித்தது. கார் கேட்கவில்லை. மறுபடியும் மிதித்தாள். பெடல் தரையோடு போய் ஒட்டியது. இடது பக்கம் மலை, வலது பக்கம் பள்ளம், எதிரே வளைவு. நான் கத்துவதை நிறுத்திவிட்டேன். அவ்வளவு பயம்.

“அக்கா, கைய உள்ள வெச்சிக்குங்க!”

கியரைக் குறைத்தாள். எஞ்சின் அலறியது. அப்படியே காரை மலைப் பக்கம் சாய்த்து உரசவிட்டாள். என் பக்கக் கண்ணாடி உடைந்து தெறித்தது, கதவு நசுங்கியது, ஜன்னல் வழியாக மண்ணும் வேரும் மடியில் கொட்டின. கார் நின்றது. வளைவு இன்னும் பத்தடி தள்ளி இருந்தது.

என் கதவு திறக்கவில்லை. அவள் பக்கமாக ஊர்ந்து வெளியே வந்தேன். ரோடு திறப்பதற்காக ஒரு ஜீப் அங்கே ஓரமாகக் காத்துக்கொண்டிருந்தது. நிறைய ஆட்கள், சாமை மூட்டைகள். ஒரு மலைக்காரப் பெண் இறங்கி வந்தார்.

“இன்னாமா ஆச்சி?”

“பிரேக்கு புடிக்கல” என்றாள் நசீமா.

“அப்ப அதுல இன்னாத்துக்குப் போற? மூட்டைய நவுத்திட்டு ஜீப்புல ஏறுங்க, ரெண்டு பேரும்.”

எனக்கு உடனே ஏறிக்கொள்ளத்தான் ஆசை! நசீமா சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள்.

“சூடு ஏறிப்போச்சு. ஆறினா கொஞ்சம் புடிக்கும். மெதுவா கியர்லயே எறங்கிடலாம். நீங்க ஜீப்புல வாங்கக்கா.”

“நான் இல்லாம நீ முடிச்சா கணக்குல சேர்ப்பாங்களா?”

“சேர்க்க மாட்டாங்க.”

“அப்புறம் எதுக்கு ஓட்டணும்?”

“ஆரம்பிச்சிட்டேனே.”

பின்னால் கிளம்பிய கார்கள் ஒவ்வொன்றாக எங்களைத் தாண்டிப் போயின. அவள் ஒன்றையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. சூடு ஆறும்வரை உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்தாள். நானும் அவள் சீட் வழியாக உள்ளே ஊர்ந்து என் இடத்துக்குப் போனேன். மாட்டு வண்டி வேகத்தில் மலை இறங்கிக் கடைசியாக வந்து சேர்ந்தோம்.

மேனேஜர் இரண்டு பெயர்களை வாசித்தார். இரண்டும் சென்னைப் பையன்கள். நல்ல ஓட்டக்காரர்கள்தான், குறை சொல்ல மாட்டேன். நசீமா கைதட்டினாள். கூட்டம் கலைந்ததும் அவரிடம் போனாள்.

“ஏறும்போது நீ நல்லாத்தாம்மா ஓட்டின” என்று அவரே ஆரம்பித்தார். “ஆனா இறக்கத்துல டைம் போச்சு. அதுவும் இல்லாம... நாளைக்கே உனக்குக் கல்யாணம் ஆயிட்டா கம்பெனி போட்டதெல்லாம் வீண்தானே?”

“அந்தப் பசங்களுக்குக் கல்யாணம் ஆவாதா சார்?”

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

“நாளைக்குக் காலையில விளம்பரத்துக்குப் படம் எடுக்க ரோட்டை அடைக்கிறீங்களாமே? பிரேக் சரி பண்ணிட்டு நான் இன்னொரு வாட்டி எறங்குறேன். டைம் எடுங்க.”

“முடிவு சொல்லியாச்சேம்மா.”

“டீம்ல சேர்க்கச் சொல்லல சார். ஒழுங்கா எறங்கினா என் டைம் இன்னான்னு எனக்குத் தெரியணும். அவ்ளோதான்.”

அவர் வாட்சைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். “சரி, வா” என்றார். எப்படியும் வரமாட்டாள் என்று நினைத்திருக்க வேண்டும்.

அடிவாரப் பந்தலுக்குப் பின்னால், காலையில் எங்களோடு வந்திருந்த கரீம் பாய் நசுங்கிய கதவைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்களுக்கு ஒண்ணும் ஆவலியேம்மா?” என்று முதலில் என்னைக் கேட்டார். பிறகு மகள் பக்கம் திரும்பினார். “நாளைக்கு மறுபடியும் எறங்கப் போறியாமே?”

“ஆமாப்பா.”

“இந்த வண்டில நீ போவக்கூடாது.”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். முதல் முறையாக அவள் கண் கலங்கியதை அப்போதுதான் பார்த்தேன். பாய் தொண்டையைச் செருமினார்.

“இப்படியே போவக்கூடாதுன்னு சொன்னேன். திருப்பத்தூர்ல நமக்குத் தெரிஞ்ச மெக்கானிக் இருக்கான். கிளம்பு, வண்டிய மெதுவா எட்து வா.”

மறுநாள் காலை புது பிரேக்குடன் மலை ஏறினோம். என் பக்கக் கதவைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். மேலே பனி. கீழே மேனேஜர் ஸ்டாப் வாட்சுடன் நின்றிருந்தார்.

அந்த இறக்கத்தை நான் மறக்கவே மாட்டேன். முந்தின நாள் உரசிய இடம் வந்தது. மலையில் எங்கள் கார் போட்ட வெள்ளைக் கோடு அப்படியே இருந்தது. அங்கே வேகத்தைக் குறைப்பாள் என்று நினைத்தேன். எவ்வளவு குறைக்க வேண்டுமோ அவ்வளவுதான் குறைத்தாள், அதற்கு மேல் துளிகூட இல்லை! எனக்குக் குரல் கம்மிப் போயிருந்தது. ஆனாலும் ஒரு வளைவையும் விடாமல் கத்தினேன்.

கீழே வந்து நின்றோம். மேனேஜர் ஸ்டாப் வாட்சைப் பக்கத்திலிருந்தவரிடம் காட்டினார். அவரும் பார்த்தார். தேர்வான இரண்டு பையன்களில் ஒருவன் எட்டிப் பார்த்துவிட்டு விசில் அடித்தான்.

“நேத்து இறங்கின எல்லாரையும்விட கம்மி” என்றார் மேனேஜர். “ஆனா முடிவை மாத்த முடியாதும்மா.”

“தெரியும் சார். தேங்க்ஸ்.”

அவள் திரும்பி நடந்தாள். நாலு அடி வைத்திருப்பாள். “ஏம்மா!” என்று கூப்பிட்டார். “டீம்ல இடம் இல்ல. ஆனா சோழவரத்துல புதுமுகங்கள் ரேஸுக்கு உன் காருக்கு வேண்டிய டயரைக் கம்பெனி தரும். வர்றியா?”

கார் இல்லை, பயிற்சி இல்லை, நாலு டயர்தான்! எனக்குக் கோபம்கூட வந்தது. நசீமாவோ, “எந்தத் தேதி சார்?” என்று கேட்டாள்.

அந்த வாரமே பேரணாம்பட்டிலிருந்து ஆள் வந்தது. ‘பொண்ணு ரேஸை விட்டுட்டா மேற்கொண்டு பேசலாம்’ என்று செய்தி. கரீம் பாய் வந்தவருக்கு டீ கொடுத்து உபசரித்தார். “சோழவரம் முடியட்டும். அப்பவும் உங்களுக்கு இஷ்டம் இருந்தா வாங்க” என்று வாசல்வரை போய் வழியனுப்பினார்.

மூன்று மாதம். தினமும் காலையில் எங்கள் தெருவையே எழுப்பிவிட்டு அந்தக் கார் கிளம்பும். ஜவ்வாது மலைக்குப் போய் ஏறி இறங்கிவிட்டு வருவாள். ஜீப்புக்காரர்கள் அவளுக்குக் கைகாட்டத் தொடங்கிவிட்டார்களாம்.

இப்படியாகத்தான் போன ஞாயிற்றுக்கிழமை நான் சோழவரத்தில் நின்றேன். அங்கே வழி சொல்ல ஆள் தேவையில்லை. ஓரமாக நின்று பழக்க தோஷத்தில் கத்தினேன்.

நசீமா நான்காவதாக வந்தாள். கம்பெனிப் பையன்களில் ஒருவன் அவளுக்கு முன்னால், ஒருவன் பின்னால். அவர்களுக்குப் புத்தம் புது கார். இவளுக்கு ஒட்டுப்போட்ட கதவு.

அடுத்த வருடம் ஜூனியர் டீமை மூன்று பேராக்கப் போவதாகவும், மூன்றாவது சீட் அவளுக்குத்தான் என்றும் சொல்ல மேனேஜரே தேடிக்கொண்டு வந்தார். கூடவே கேமராக்காரர், ஒரு மாலை, கைகுலுக்க நாலைந்து பெரிய மனிதர்கள்.

தேர்ந்தெடுக்கப்படாதவர்களுக்கு ஒரு வசதி உண்டு. இனி யாரும் தங்களை நிராகரிக்க முடியாது என்று வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அப்படி இருந்தே பழகிவிட்டவளிடம் திடீரென்று மாலையோடு போனால்?

அவர்கள் கண்ணுக்குக் கிடைத்தது, காருக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்களும், “கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சம் மறைக்குது” என்ற ஒரு குரலும்தான்!