எண்ணெய் கசிந்த கல்

என் கல்யாணச் சீரில் ஒரு பித்தளைக் குடம், ஓர் அண்டா, திமிங்கிலத்தின் முதுகெலும்பில் ஒரு துண்டு. மூன்றாவதை எங்கள் நைனா யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அவர் பழவேற்காட்டுப் பக்கம் உப்பளத்தில் மேஸ்திரி. நான் சிறுமியாக இருந்தபோது கரையில் ஒரு திமிங்கிலம் ஒதுங்கியது. ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு அலைந்தது. அதற்காக யாரும் அதைச் சும்மா விடவில்லை. கொழுப்பைக் காய்ச்சிப் படகுக்குப் பூசினார்கள். விலா எலும்புகளை வேலிக்கு நட்டார்கள். எங்கள் பங்குக்கு வந்த முதுகெலும்புத் துண்டை நைனா சீவி, உட்காரும் மணையாக்கினார். அம்மா மீன் அரிவது அதில் உட்கார்ந்துதான். என் கல்யாணத்துக்கு முந்தின வருஷம் அவள் போய்ச் சேர்ந்தாள். மணையைக் கொடுத்தால்தான் புருஷன் வீட்டுக்குப் போவேன் என்று அடம் பிடித்தேன்.

வாழ்க்கைப்பட்டது சத்தியவேட்டுக்குப் பக்கத்து ஊர். அது சென்னையோடு இருக்குமா, ஆந்திராவோடு போகுமா என்று எல்லாரும் வாய் கிழியப் பேசிக்கொண்டிருந்த காலம். மாமியார் மணையைப் புரட்டிப் பார்த்து, "இன்னா சம்மந்தி இது?" என்றார். பெருமாளைக் கும்பிடுகிற வீடு. எலும்பு என்றால் வாசற்படி ஏற விடமாட்டார்கள்.

"கடல் கல்லும்மா" என்றார் நைனா.

"கல்லுன்னா இவ்ளோ லேசாவா இருக்கும்?"

"உப்புத் தண்ணி அரிச்சிக்கினே இருந்துச்சில்ல."

பொய்யை என் தலையில் கட்டிவிட்டு மனிதர் பஸ் ஏறிவிட்டார்.

சித்திரை வெயிலில் மணை எண்ணெய் கசிந்தது. திமிங்கில எலும்பு அப்படித்தான், வருஷக்கணக்கில் கசியும். மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "கல்லுல எண்ண வருதுடி! பெருமாளே வந்துட்டாருடி!" சுண்ணாம்பு அடித்து நாமம் போட்டார். புரட்டாசி சனிக்கிழமை அதன்மேல் மாவிளக்கு ஏற்றினார். அந்த மாதம் மீன் சட்டியைக்கூட வீட்டுக்குள் வைக்காத மனுஷி! நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் மணை போகும், கூடவே நானும் போவேன். இரண்டு புரட்டாசி எனக்குச் சோறு இறங்கவில்லை.

எல்லை முடிவாகி ஊர் ஆந்திராவுக்குப் போனது. மூன்றாவது புரட்டாசியில் நிலம் அளக்க ஒரு சர்வேயர் வந்தார், நெல்லூர்க் கடற்கரைக்காரர். மோர் குடிக்க உள்ளே வந்தவர் நாமத்தைப் பார்த்துச் சிரித்தே விட்டார். "இதி திமிங்கலம் எமுக கதம்மா!" எமுக என்றால் எலும்பு. அது புரியாதவர் எங்கள் வீட்டில் யாரும் இல்லை.

அவர் போனதும் மாமியார் என் பக்கம் திரும்பினார். "உனக்குத் தெரியுமா?"

"தெரியும் அத்தே. எங்கம்மா அதுல ஒக்காந்துதான் மீன் அரியும்."

அந்த இரண்டாவது பேச்சு எதற்கு? இன்றுவரை எனக்கே விளங்கவில்லை.

"அய்யய்யோ! மீன் அரிஞ்ச மணையிலயா மாவௌக்கு வச்சேன்! தெரிஞ்சிக்கினே வாய மூடிக்கினு இருந்தியாடி பாவி!"

மணை எருக்குழிக்குப் போயிற்று. வீடு முழுக்கச் சாணி தெளித்தார்கள். என் கணவர் அலிபிரியிலிருந்து திருப்பதி மலையேறி மொட்டை போட்டுக்கொண்டு வந்தார். என்னைச் சமையற்கட்டுக்குள் விடவில்லை. மாமியார் முகம் கொடுத்துப் பேசவுமில்லை. மாதம் முடிந்ததும் அனுப்பிவிடுவார்கள் என்று துணிகளை மடித்து வைத்திருந்தேன். பயமாக இருந்தது. அதைவிட, அம்மா எருவுக்குள் கிடக்கிறாள் என்று இருந்தது.

ஐப்பசி பிறந்தது. மீன்காரியின் கூடையை ஊரே சூழ்ந்துகொண்டது. மாமியாரும் வாங்கினார். "ஏய், இங்க வா" என்று கொல்லையிலிருந்து குரல். போனேன்.

கிணற்றடியில் மணை இருந்தது. எருவும் சுண்ணாம்பும் போகத் தேய்த்துக் கழுவியிருந்தது. மாமியாரின் புடவை முழங்கால்வரை நனைந்திருந்தது.

"ஊட்டுக்குள்ள வரக்கூடாது, சொல்லிட்டேன். இங்கியே கெடக்கட்டும்" என்றார். அரிவாள்மணையை என் பக்கம் தள்ளினார். "ஒக்காரு. உங்கம்மா ஒக்காந்த எடம்."

உட்கார்ந்தேன். முதல் மீனிலேயே அழுகை வந்துவிட்டது. நிறுத்த முடியவில்லை, அழுதுகொண்டே அரிந்தேன்.

"போதும்டி" என்றார் மாமியார். "கொயம்புக்கு உப்பே போட வேணாம் போலக்கீது."