பச்சையாய்ப் போன பாலிகை

எங்கள் சின்னம்மாவின் கலியாணத்தைக் குழப்பப் பார்த்தவள் நான். பிள்ளையார் அறிய, வேண்டுமென்று செய்யவில்லை. பட்டினி கிடந்ததுகளுக்குச் சாப்பாடு கொடுக்கத்தான் போனேன்.

சின்னம்மா என் அம்மாவின் ஒரே தங்கை. தாய் தகப்பன் இல்லாதபடியால் அம்மாவே அவரை வளர்த்தார். கொடிகாமத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. சின்னம்மாவுக்கு முதல் வந்த பேச்சு, கோயிலில் பூக்கட்டிப் பார்த்ததில் சரிவராமல் நின்றது. இரண்டாவது, பெண் பார்க்க வந்தவர் எங்கள் வாசல் படலையில் கால் தடுக்கி விழுந்ததில் நின்றது. மூன்றாவது சரிவந்தபோது சின்னம்மாவுக்கு முப்பது தாண்டிவிட்டது. மாப்பிள்ளையின் தாயாரும் சகுனம் பார்க்கிறவர் என்று கேள்விப்பட்டு, வீட்டில் எல்லோரும் தும்மலைக்கூட அடக்கிக்கொண்டு திரிந்தோம்.

அது அரிசி கிடையாத காலம். மழை பொய்த்து, கூப்பன் அரிசியும் குறைந்து, பகலில் மரவள்ளிக்கிழங்கு, பின்னேரம் மட்டும் சோறு. உலையில் போடுமுன் அம்மா ஒரு சிரங்கை அரிசியை அள்ளிக் கலியாணச் சோற்றுக்கென்று வைத்த பானைக்குள் போட்டுவிடுவார். எங்களுக்குப் பரிமாறிவிட்டு, "எனக்கு இண்டைக்கு விரதம்" என்று கஞ்சித்தண்ணீரைக் குடிப்பார். வெள்ளிக்கிழமை விரதம் செவ்வாய்க்கும் வந்தது, பிறகு திங்களுக்கும் வந்தது. தங்கைக்காக அம்மா பிள்ளையாரை விடாப்பிடியாய்ப் பிடிக்கிறார் என்று எனக்குப் பெருமை. சாப்பிட்டபின் அம்மாவின் மடியில் சாய்ந்து அவர் கையைத் தூக்கிப் பிடிப்பேன். காப்பு சர்ரென்று முழங்கைக்கு ஓடும். கையை இறக்கினால் மணிக்கட்டுக்குத் திரும்பி வரும். எனக்கு அது நல்ல விளையாட்டு.

கலியாணத்துக்கு ஏழு நாள் முந்தி, மூன்று சுமங்கலிகள் மூன்று மண்சட்டிகளில் நவதானியம் தூவி முளைப்பாலிகை போட்டார்கள். எங்கள் பக்கத்தில் பாலிகையை இருட்டில்தான் வளர்ப்பார்கள். அப்போதுதான் முளை பொன்னிறமாய், நெடுநெடுவென்று நிமிர்ந்து வரும். மணவறையில் வைக்க அதுதான் மங்களம். சட்டிகளைச் சாமியறை மூலையில் வைத்துப் பெரிய பனையோலைக் கடகத்தால் மூடினார்கள். தண்ணீர் தெளிக்கும் வேலை ஒன்பது வயதான எனக்கு வந்தது.

"குளிச்சுத் தோய்ஞ்சுபோட்டுத்தான் தொடவேணும். தெளிச்ச உடனை மூடிப்போடு. விளங்கிச்சோ?"

"ஓம் அம்மா."

மூன்றாம் நாள் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான ரீச்சர் எங்களை முற்றத்துக்குக் கூட்டிப்போய், அங்கே கிடந்த பழைய தகரமொன்றைப் புரட்டிக் காட்டினார். அடியில் புல் வெளிறி, மஞ்சளாய்க் கிடந்தது.

"பச்சை இலைதான் செடியின்ரை குசினி. வேர் தண்ணி கொண்டு வரும், இலை காத்தை எடுக்கும், வெய்யில்தான் அடுப்பு. வெளிச்சம் இல்லையெண்டால் என்ன நடக்கும்?"

"பட்டினி, ரீச்சர்!" என்று கத்தினோம். அந்த வருடம் எந்தப் பிள்ளைக்கும் சொல்லித்தரத் தேவையில்லாத சொல் அது.

வீட்டுக்கு ஓடிவந்து, தோய்ந்துவிட்டுக் கடகத்தைத் தூக்கினேன். முளைகள் எல்லாம் மஞ்சள் மஞ்சளாய், கழுத்து நீண்டு, ஒட்டி உலர்ந்து நின்றன. கலியாணத்துக்கு முதல் இதுகள் செத்துப்போனால் சின்னம்மாவின் கதி என்ன? மூன்றில் சின்னச் சட்டியைத்தான் என்னால் தூக்க முடிந்தது. மற்ற இரண்டிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, அதை விறகு அறை யன்னலில் வெயில் படும்படி வைத்தேன். பெரியவர்கள் பலகாரம் சுடுவதில் மும்முரமாய் இருந்தார்கள். ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடம் விட்டு வந்து வெயில் காட்டி, பொழுதுபட முன் கடகத்துக்குள் வைத்துவிடுவேன். இரண்டாம் நாளே முளைகள் பச்சை பிடித்தன. எனக்கு வந்த சந்தோசம் சொல்லி முடியாது. யன்னல் பக்கமாய் எல்லாம் வளைந்துவிட்டன என்பது மட்டும் சின்னக் குறை. விரலால் நிமிர்த்திப் பார்த்தேன், கேட்கவில்லை.

கலியாணக் காலையில் கடகத்தைத் தூக்கிய பக்கத்து வீட்டு மாமி, "ஐயோ, இதென்னடி அநியாயம்!" என்றார். இரண்டு சட்டி பொன்னிறம். ஒன்று கட்டையாய், பச்சையாய், கூனிப்போய். அம்மா வந்து பார்த்தார். அவர் முகத்தில் இரத்தமே இல்லை.

"ஆர் செய்தது?"

"அதுகள் பட்டினி கிடந்துதுகள் அம்மா. நான்தான் வெய்யில் குடுத்தனான்."

அடிக்கக் கையை ஓங்கினார். காப்பு முழங்கைக்குச் சரிந்தது. ஏனோ அந்தக் கை அப்படியே நின்று, மெதுவாய் இறங்கி, என் தலையில் வந்து கிடந்தது. அம்மா அழுதார். பாதி உடுத்த சேலையோடு சின்னம்மா ஓடிவந்து சட்டியைப் பார்த்தார். "இதுக்கே அழுறியள் அக்கா? பிள்ளையார் பக்கமாய்த் திருப்பி வையுங்கோ" என்றார்.

அப்படியே மணவறையில் வைத்தார்கள். மாப்பிள்ளையின் தாயார் கண்ணுக்கு அது தப்பவில்லை.

"உதென்ன, ஒண்டு மட்டும் பச்சையாய் வளைஞ்சு கிடக்கு?"

மணவறையில் பெண் வாய் திறப்பது அந்நாளில் இல்லை. சின்னம்மா குனிந்த தலை நிமிராமல், "அது பிள்ளையாரைக் கும்பிடுது மாமி" என்றார்.

மாமியார் சட்டியைப் பார்த்தார், பிள்ளையாரைப் பார்த்தார். பிறகு, "அப்பனே!" என்று தலையில் குட்டிக்கொண்டு தானும் கும்பிட்டார். மேளம் முழங்கியது.

பந்தி முடிந்தபின் அம்மா குசினியில் இருந்து இரண்டாம் முறையும் சோறு போட்டுச் சாப்பிட்டார்.

"விரதம் முடிஞ்சுதோ அம்மா?"

"ஓம் பிள்ளை, முடிஞ்சுது."

பிள்ளையார் கேட்டதைக் கொடுத்துவிட்டார் என்று நினைத்தேன். இன்றும் அதில் எனக்குச் சந்தேகமில்லை.

போன வருடம் என் மகளின் கலியாணத்துக்குப் பாலிகை போட நானே தானியம் ஊற வைத்தேன். ஊறிய பயறொன்று கையில் இரண்டாய்ப் பிளந்தது. உள்ளே வெள்ளைப் பருப்பு. முளை இலைவிட்டு வெயிலைக் காணும்வரை தின்னட்டும் என்று தாய்ச்செடி உள்ளே வைத்துவிட்ட சாப்பாடு அது என்று பிற்பாடு படித்திருந்தேன். கடகத்துக்குள் இருந்த முளைகளுக்கு அப்போது பசியே இல்லை. மெலிந்த முளையைக் கண்டு பதறி ஓடிய நான், ஒவ்வொரு நாளும் அம்மாவின் கையைத் தூக்கி, காப்பு முழங்கைக்கு ஓடுவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.