பதினோரு ஸ்வரமும் ஓர் இருமலும்

ஜனீன் ஹோல்ராய்ட் ஹாலிஃபாக்ஸில் முப்பது வருஷமாகப் பஸ் ஓட்டுகிறாள். எங்கள் ஊர் மேடுகளில் பஸ் ஓட்டுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. பனி கொட்டிய காலையில் மற்ற டிரைவர்கள் டிப்போ வாசலில் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். இவள் டீயைக் குடித்து முடித்துவிட்டுப் பேசாமல் ஏறி உட்கார்ந்துவிடுவாள். வாய்தான் கொஞ்சம் நீளம். பஸ்ஸில் ஏறிய பிறகு பையைத் துழாவுகிற ஆட்களை அவள் அடிக்கிற கிண்டலில் பின் சீட்டு வரை சிரிப்புக் கேட்கும். ஆனால் அவள் கதையைச் சொல்ல வேண்டுமென்றால் பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டு ‘வெட் சாட்டர்டேஸ்’ பற்றித்தான் ஆரம்பிக்க வேண்டும்.

ஊர்ப் பையன்கள் நாலு பேர், இரண்டு கிதார், சனிக்கிழமை தவறாமல் பெய்கிற மழையின் பெயர். தொண்ணூற்று மூன்றில் ஆரம்பித்த அந்த இசைக்குழு தொண்ணூற்று ஏழில் கலைந்தது. இரண்டே இரண்டு ஆல்பம். ‘மேட்டுத் தெரு’ என்ற பாட்டு நாட்டின் முதல் நாற்பது பாடல்கள் பட்டியலில் வந்துவிடும் என்று ஊரே ரேடியோவைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வந்ததோ நாற்பத்தொன்றாவது இடம். வேறு ரசிகர்களாக இருந்தால் அதை வெளியே சொல்ல வெட்கப்பட்டிருப்பார்கள். எங்கள் ஆட்கள் 41 என்று பனியனில் அடித்துப் போட்டுக்கொண்டார்கள்.

‘மேட்டுத் தெரு’ கிதாரில் பதினோரு ஸ்வரங்களோடு தொடங்கும். அதை வாசித்தவர் நெவ் கிராப்ட்ரீ. தொண்ணூற்று நாலில், ஆல்பம் வெளிவருவதற்கு முன்னால், ஊரில் ஒரு மதுக்கடை மாடியில் அதை வாசிக்கும்போது ஒன்பதாவது ஸ்வரத்தில் அவருக்கு விரல் வழுக்கிவிட்டது. வாசிப்பதை நிறுத்தினார். மைக்கில் ஒருமுறை இருமினார். பிறகு முதலிலிருந்து ஆரம்பித்தார். கூட்டத்தில் இருந்த இருபத்தொரு வயது ஜனீனின் மழைக்கோட்டுக்குள் ஒரு டேப்ரிக்கார்டர் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த கேசட்டை அவள் பிரதி எடுத்துத் தபாலில் அனுப்ப ஆரம்பித்தாள். முதலில் பத்துப் பேருக்கு, பிறகு முந்நூறு பேருக்கு, கடைசியில் அறுநூறு பேருக்கு. கூடவே கையால் எழுதிப் பிரதி எடுத்த நாலு பக்கச் செய்தித்தாளும் போகும். ஆல்பம் வந்து அதில் பாட்டு சுத்தமாக, பிசிறில்லாமல் இருந்தும் ஒருவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. ரசிகர்களுக்குப் பாட்டு என்றால் கேசட்டில் இருந்ததுதான். எட்டு ஸ்வரம், ஒரு வழுக்கல், ஓர் இருமல், மறுபடி முதலிலிருந்து. எங்கே கூடினாலும் அப்படியே பாடினார்கள். வேக்ஃபீல்டில் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் இருமிக்கொண்டே ஆட வந்தார்கள். கடையில் வரிசையில் நிற்கும்போது முன்னால் இருப்பவர் பனியனில் 41 தெரிந்தால் லேசாக ஓர் இருமல். அவரும் திரும்பிப் பார்க்காமலே இருமுவார். அதற்கு மேல் அறிமுகம் தேவையில்லை.

ஜனீனின் கணவன் கீத்துக்கு ரக்பி ஒன்றுதான் உலகம். அவன் இவர்களுக்கு வைத்த பெயர் காசநோய்க் கோஷ்டி. சொல்லிவிட்டுப் போகட்டும். அந்த இருமல் தன் கேசட்டிலிருந்து பிறந்தது என்பதில் ஜனீனுக்கு அவ்வளவு பெருமை.

போன செப்டம்பரில் அந்தப் பெருமையின் தலையில் இடி விழுந்தது. பாடகர் மார்கஸ் த்ரெல்ஃபால் அவளுக்குப் போன் செய்தார். முதல் ஆல்பம் வந்து முப்பது வருஷம் ஆகிறது, நவம்பரில் ஒரே ஒரு கச்சேரி நடத்தலாம், ரசிகர்களின் முகவரியெல்லாம் உன்னிடம்தானே இருக்கிறது என்றார். ஜனீன் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் மார்கஸ் தயங்கித் தயங்கிச் சொன்னார், நெவ் வர மாட்டேன் என்கிறார் என்று. ஏன் என்று கேட்டாள். இருமல்தான் காரணம் என்றார். ஊர் ஊராகக் கூட்டம் தன்னைக் கிண்டல் செய்கிறது, ஒரு தப்பை மூன்று வருஷமாகக் குத்திக் காட்டுகிறது என்று மனம் வெறுத்துத்தான் நெவ் குழுவை விட்டே போனாராம். அதோடுதான் குழுவும் கலைந்ததாம்.

போனை வைத்துவிட்டு ஜனீன் அழுதாள். உயிரையே வைத்திருந்த குழுவைத் தன் கையாலேயே கலைத்திருக்கிறாள், இது தெரியாமல் முப்பது வருஷமாக மார்தட்டிக்கொண்டும் திரிந்திருக்கிறாள். கீத் என்ன ஆயிற்று என்று கேட்டான். விஷயத்தைக் கேட்டபின் அவன்கூடக் கிண்டல் செய்யவில்லை. போய் அந்த மனுஷனிடம் நேரில் சொல்லிவிட்டு வா என்றான்.

அடுத்த லீவு நாளில் பக்கத்து ஊரான எல்லாண்டுக்குப் போனாள். நெவ் அங்கே குளியலறைகளுக்கு டைல்ஸ் ஒட்டுகிற வேலை செய்கிறார். வீட்டு முற்றத்தில் தண்ணீர் விட்டு அறுக்கிற மிஷினில் டைல்ஸ் வெட்டிக்கொண்டிருந்தார். ஐம்பத்து நாலு வயது, முழங்கை வரை வெள்ளைச் சேறு. அவள் பெயரைச் சொன்னாள். கேசட்டில் பதிவு செய்ததும் அனுப்பியதும் தான்தான் என்றும் சொன்னாள். அவர் மிஷினை நிறுத்தினார்.

“முப்பது வருஷமா யாரு அந்தப் புண்ணியவான்னு தேடிட்டிருந்தேன்,” என்றார். “நீங்கதானா?”

“நான்தான்.”

“அந்த இடத்தை வெட்டி எறிஞ்சிருக்கலாம்ல? ஒரு நிமிஷ வேலை.”

“வெட்டத் தோணலை. அதுதான் எனக்குப் பிடிச்ச இடம்.”

அவர் சிரிக்கவில்லை. லீட்ஸில் ஆயிரம் பேர் ஒன்றாக இருமியபோது தனக்குக் கையெல்லாம் வியர்த்து, கிதார் நழுவியதைச் சொன்னார். மறுநாள் காலை கிதாரைக் கட்டிலுக்கு அடியில் தள்ளியதையும் சொன்னார். ஆனால் ஜனீன் பஸ் ஓட்டுகிறவள், பாதி மேட்டில் நின்றுவிட்டால் பின்னால் உருளும் என்று தெரிந்தவள். பேசினாள்.

“அன்னிக்குக் காலையிலதான் பஸ் லைசென்ஸ் டெஸ்ட்ல ஃபெயிலாகிட்டு வந்தேன் சார். மேட்டுல வண்டியைப் பின்னால உருள விட்டுட்டேன். போதும்டா சாமி, ஃபாக்டரி வேலைக்கே போயிடலாம்னு கச்சேரியில ஒரு மூலையில நின்னுட்டிருந்தேன். நீங்க தப்பா வாசிச்சீங்க. ஓடலை. இருமிட்டு மறுபடி ஆரம்பிச்சீங்க. அந்த கேசட்டைக் கேட்டுக் கேட்டுதான் அடுத்த மாசம் மறுபடி போனேன். முப்பது வருஷமா ஓட்டறேன். எங்க ஆளுங்க ஒருத்தர்கூடக் கிண்டலுக்கு இருமினதில்லை.”

நெவ் ஒரு டைல்ஸை எடுத்துத் துடைத்தார், வைத்தார், மறுபடி எடுத்துத் துடைத்தார். கடைசியில் வருகிறேன் என்றார். ஆனால் ஒரு நிபந்தனை. மண்டபத்தில் ஒரே ஓர் இருமல் கேட்டாலும் கிதாரைக் கீழே வைத்துவிட்டுப் படி இறங்கிவிடுவேன் என்றார். ஒருவரும் இருமாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு என்று ஜனீன் வாக்குக் கொடுத்தாள்.

வாக்குக் கொடுத்துவிட்டு பஸ் ஏறிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கச்சேரி நவம்பரில். வடக்கு இங்கிலாந்தில் நவம்பரில் இருமாதவன் எவன் இருக்கிறான்?

அன்று ராத்திரியே அறுநூறு பேருக்கும் கடிதம் எழுதினாள். நாம் அன்பு என்று நினைத்துச் செய்தது அந்த மனுஷனுக்கு அடியாக விழுந்திருக்கிறது, கச்சேரியில் ‘மேட்டுத் தெரு’வை ஆல்பத்தில் இருப்பது மாதிரியே கேட்போம், இருமலை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள் என்று எழுதினாள். பதில்கள் குவிந்தன. வேல்ஸிலிருந்து ஓர் ஆள், என் இரண்டாவது மனைவியை அந்த இருமலால்தான் கண்டுபிடித்தேன், இதென்ன அக்கிரமம் என்று நாலு பக்கம் சண்டை போட்டிருந்தான். கடைசி வரியில் சரி, இருமவில்லை என்று எழுதியிருந்தான். பலர் இது தெரியாமல் போயிற்றே என்று வருத்தப்பட்டிருந்தார்கள். வரமாட்டேன் என்று ஒருவர்கூட எழுதவில்லை.

கச்சேரியைப் பகல் இரண்டு மணிக்கு வைத்திருந்தார்கள். ரசிகர்களுக்கெல்லாம் ஐம்பது தாண்டிவிட்டது. முழங்கால் வலி, கடைசி ரயில், பேரக்குழந்தை என்று ஆயிரம் இருக்கிறது. பழைய நெசவாலையின் மாடியில் இருந்த மண்டபத்தில் பின்பக்கம் ஐந்து வரிசை நாற்காலி போட்டதற்கே கைதட்டினார்கள். வெளியே மழை. சனிக்கிழமை ஆயிற்றே, பெய்யாமல் இருக்குமா?

வாசலில் கீத் ஒரு பிளாஸ்டிக் வாளியோடு நின்றான். வாளி நிறைய தொண்டை மிட்டாய். ஜனீன் ஊரில் உள்ள மருந்துக்கடை எல்லாவற்றையும் காலி செய்திருந்தாள். டிக்கெட்டைக் காட்டுகிற ஒவ்வொருவர் கையிலும் கீத் இரண்டு மிட்டாயை வைத்து அழுத்தினான்.

“ஒண்ணு இப்போ, ஒண்ணு மேட்டுத் தெருவுக்கு,” என்றான். “இருமுனா என் பொண்டாட்டி கிட்ட நீங்களே பேசிக்கணும். நான் குறுக்கே வரமாட்டேன்.”

நாலு பேரும் மேடையேறியபோது கூரை அதிர்ந்தது. மார்கஸுக்குத் தலையில் முடி இல்லை, டிரம்ஸ்காரருக்குத் தொப்பை. நெவ் யாரையும் பார்க்காமல் ஓரமாக நின்று கிதாரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். அதனால் என்ன, கை போன இடமெல்லாம் அந்தப் பழைய ஒலி. வேக்ஃபீல்ட் தம்பதி அழுதுகொண்டே ஆடினார்கள். ஜனீன் ஆடவில்லை. அவள் கண் கூட்டத்தின் மேலேயே இருந்தது. யாருக்காவது தோள் குலுங்கினால் போதும், அங்கே பாய்ந்து மிட்டாயை நீட்டினாள்.

ஒன்பதாவது பாட்டு ‘மேட்டுத் தெரு’. மார்கஸ் பெயரைச் சொல்லவில்லை, விலகி நின்றார். வெளிச்சம் நெவ் மேல் விழுந்தது. மண்டபத்தில் அறுநூறு வாய்க்குள்ளும் மிட்டாய் புரண்டது. நெவ் வாசிக்க ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஜனீன் மனசுக்குள் எண்ணினாள். ஏழு. எட்டு.

ஒன்பதில் விரல் வழுக்கியது.

அவர் வேண்டுமென்று செய்யவில்லை. அவர் முகத்தைப் பார்த்த யாருக்கும் அது தெரியும். முப்பது வருஷம் டைல்ஸ் அறுத்து மரத்துப்போன விரல், அதே இடத்தில், அதே மாதிரி வழுக்கிவிட்டது. கை கிதாரின் மேல் அப்படியே நின்றது.

அறுநூறு பேருக்கும் இருமல் தொண்டை வரை வந்துவிட்டது. முப்பது வருஷப் பழக்கம், அந்த இடம் வந்தால் உடம்பு தானாக இருமும். ஒருவரும் இருமவில்லை. வேல்ஸ்காரன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான், கண் பிதுங்கி முகம் சிவந்துவிட்டது. ஒரு பெண் சால்வையைச் சுருட்டிக் கடித்துக்கொண்டாள். ஜன்னலில் மழை அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. ஜனீன் மூச்சை அடக்கிக்கொண்டு, போயிடாதீங்க, போயிடாதீங்க என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நெவ் தலையைத் தூக்கினார். முதல்முறையாகக் கூட்டத்தைப் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டிருந்த கைகளைப் பார்த்தார், நீர் கட்டிய கண்களைப் பார்த்தார். தனக்காக அறுநூறு பேர் மூச்சுத் திணறிக்கொண்டு நிற்பதை ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கடைசியில் ஜனீனைப் பார்த்தார். பிறகு மெதுவாக மைக்குக்குக் குனிந்தார்.

இருமினார்.

அடுத்த நொடி மண்டபமே வெடித்தது. அறுநூறு பேரும் ஒரே குரலாக இருமினார்கள். மிட்டாய்கள் நாலாபக்கமும் தெறித்தன. நெவ் சிரித்தார், உடம்பு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே முதல் ஸ்வரத்திலிருந்து ஆரம்பித்தார். கூட்டம் அவரோடு சேர்ந்து ஒவ்வொரு ஸ்வரமாகப் பாடியது. ஒன்பதை அவர் சரியாக வாசித்தபோது எழுந்த கூச்சல் கீழே பஸ் ஸ்டாப் வரைக்கும் கேட்டதாம். ஜனீன் ஆடினாள். ஐம்பத்தொரு வயது, ஈர பூட்ஸ், வாளிக்காரன் கீத்தை இழுத்து வைத்துக்கொண்டு ஆடினாள். காசநோய்க் கோஷ்டி என்று பெயர் வைத்த அவன்தான் அன்றைக்கு எல்லாரையும்விடச் சத்தமாக இருமியவன்.

கச்சேரி முடிந்து படிக்கட்டில் டீ கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நெவ் கையில் கோப்பையோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். பாதி தூரம் வருவதற்குள் இருபது பேர் அவரைக் கட்டிப்பிடித்துவிட்டார்கள். ஜனீனுக்கு முன்னால் வந்து நின்று, அவள் மழைக்கோட்டின் புடைப்பைப் பார்த்தார்.

“உள்ள என்ன வெச்சிருக்க?”

ஜனீன் திருடி மாட்டிக்கொண்டவள் போல அந்தப் பழைய டேப்ரிக்கார்டரை வெளியே எடுத்தாள். சிவப்பு விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

“நீங்க வேணாம்னா இப்பவே அழிச்சிடறேன் சார். யாருக்கும் போகாது.”

நெவ் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அவள் கையிலேயே வைத்து விரல்களை மூடினார்.

“எல்லாருக்கும் அனுப்பு ஜனீன்,” என்றார். “முதல் பிரதி எனக்கு. இருமலை மட்டும் வெட்டிடாதே.”