ஈப்போவில் நல்ல சீஸ் கிடைத்த கடை

எனக்கு எண்பத்துமூன்று வயது. ஒன்பது பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். ஏழு நான் பெற்றது. இரண்டு, என் நாத்தனார் கண்ணை மூடிய பிறகு என் அடுப்படிக்கு வந்தது. ஒன்றும் சோடை போகவில்லை. இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன். எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. கையெழுத்துப் போடுவேன், பஸ்ஸின் நெற்றிப் பலகையை எழுத்துக்கூட்டுவேன், அதோடு சரி. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவன் என் பேரன்.

போன வாரம் இவன், கோலாலம்பூரில் இருக்கிற சிநேகிதனிடம் நல்ல சீஸ் எந்தக் கடையில் கிடைக்கும் என்று போனில் விசாரித்துக்கொண்டிருந்தான். "என்னைக் கேளு, எனக்குத் தெரியும்" என்றேன். "சும்மா இருங்கலா பாட்டி. நீங்க சீஸப் பாத்திருக்கீங்களா?" என்றான். பார்த்திருக்கிறேன். இவன் அப்பன் பிறப்பதற்கு ரொம்ப முன்னாலேயே பார்த்திருக்கிறேன்.

அப்போது எனக்கு எட்டு வயது இருக்கும். சுங்காய்க்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டப் போவார்கள். அம்மாவின் தம்பி, என் மாமா, துரையின் பங்களாவில் சமையல்காரர். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயத்தில் அவருக்குத் தனி மதிப்பு. ஐந்து பொத்தானும் இருக்கிற வெள்ளைச் சட்டை எங்கள் பக்கத்தில் அவரிடம் மட்டும்தான் இருந்தது.

துரைசானிக்குச் சாப்பாட்டின் முடிவில் ஒரு துண்டு சீஸ் வேண்டும். சுங்காய்ச் சீனன் கடையில் தகரத்தில் அடைத்த சீஸ் கிடைக்கும். துரைசானியும் அதைத்தான் தின்றுகொண்டிருந்தார். ஒருமுறை யாரோ விருந்தாளி வருகிறார்கள் என்று மாமாவை ஈப்போவுக்கு அனுப்பி வாங்கிவரச் சொன்னார். அன்றிலிருந்து மாமா தகரத்தைக் கையால் தொடுவதில்லை. அது கெட்டது, உடம்புக்கு ஆகாது என்று துரைசானியின் மனதையே மாற்றிவிட்டார். மாதம் பிறந்தால் முதல் சனிக்கிழமை பங்களாச் செலவில் ரயிலேறிவிடுவார்.

லயத்துச் சனங்கள் அந்தப் பண்டத்துக்கு வெள்ளைக்காரன் சவுக்காரம் என்று பெயர் வைத்திருந்தார்கள். கேட்டால் மாமாவுக்குக் கோபம் வரும். "அதோட அருமை உங்களுக்கு எங்க தெரியப் போவுது. எல்லாக் கடையிலயும்தான் இருக்கு. நல்லது ஒரு எடத்துலதான் இருக்கும்" என்பார். அதைச் சொல்லும்போது அவர் கண் ரப்பர் மரங்களைத் தாண்டி எங்கேயோ போயிருக்கும்.

அம்மாவுக்கு மட்டும் சந்தேகம். மாதாமாதம் ஈப்போவுக்குப் போகிற ஆம்பிளை சாராயக் கடைக்குப் போகாமலா இருப்பான் என்று. அதனால் ஒரு சனிக்கிழமை எனக்குத் தலையில் எண்ணெய் வழிய வாரிவிட்டு, மாமா கையில் பிடித்துக் கொடுத்துவிட்டாள். "புள்ள டவுன் பாக்கணும்னு கேக்குது" என்றாள் அவரிடம். "எங்க போனாலும் கூடவே போ. வந்து ஒண்ணுவிடாம சொல்லணும்" என்றாள் என்னிடம். நான் பெரிய உத்தியோகம் கிடைத்ததுபோல் நிமிர்ந்து நடந்தேன்.

அந்த ரயில் பயணம் எனக்குக் கனவுபோல்தான் இருக்கிறது. எது முன்னால் வந்தது, எது பின்னால் வந்தது என்று இப்போது பிரிக்க முடியவில்லை. ஈயம் தோண்டுகிற லம்பத்துத் தண்ணீர்க் குட்டைகள் ஒவ்வொன்றும் ஒரு நிறம். காம்பார் தாண்டியதும் மலைகள் வந்தன. பாதி பச்சை, பாதி வெள்ளை, யாரோ ஒரு பக்கத்தைக் கடித்துத் தின்றுவிட்டுப் போனதுபோல். கரித்தூள் என் கண்ணில் விழுந்தது. மாமா வேட்டி நுனியால் எடுத்துவிட்டார், ஆனால் அவர் என்னைப் பார்க்கவில்லை. தன் சட்டைக் கையில் கரி பட்டிருக்கிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஈப்போ ஸ்டேஷனைக் கோயில் என்று நினைத்துக் கும்பிட்டேன். மாமா சிரிக்கவில்லை. வேகமாக நடந்தார். வழியில் எத்தனையோ கடைகள், ஒரு கடையைக்கூட அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அது வெள்ளைக்காரர்கள் சாமான் வாங்குகிற கடை. முன்பக்கம் மேசை போட்டுக் கணக்கு எழுதுகிற ஒரு தமிழ்க் கிராணி, வேதக்காரர், கழுத்துப் பட்டியோடு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் இரண்டு ஆட்கள் பெட்டிக்குள் மரத்தூளும் ஐஸும் போட்டு ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"வந்துட்டியாப்பா. எதுக்கு மாசா மாசம் அலையிற? தஞ்சோங் மாலிம் வரைக்கும் தோட்டத்துக்கெல்லாம் ரயில்லயே அனுப்புறோம். ஒங்க தொரைகிட்ட சொல்லு, ஒரு சீட்டு எழுதிக் குடுத்தா முடிஞ்சுது" என்றார் கிராணி.

"எங்க தொரசாணிக்கு நான் பாத்து எடுத்தாத்தான் புடிக்கும்ங்க" என்றார் மாமா.

கடையின் பின்னால் சுவர்போல் தடித்த ஒரு மரக்கதவு. அது உள்ளேயிருந்து திறந்தது. திறந்ததும் வெள்ளைப் புகை தரையில் வழிந்து என் காலை மூடியது. தீப்பிடித்துவிட்டது என்று நான் மாமாவின் வேட்டியைப் பிடித்தேன். சுடவில்லை, குளிர்ந்தது. காலே இல்லாமல் நிற்பதுபோல் இருந்தது. அந்தப் புகைக்குள்ளிருந்து ஒரு பெண் வந்தாள். கிராணியின் தங்கை. வெள்ளைச் சேலை, கழுத்தில் சின்னச் சிலுவை, கையில் சக்கரம்போல் மஞ்சளாக ஒரு கட்டி. மூச்சுவிட்டால் அவள் வாயிலிருந்தும் புகை வந்தது. பூமியில் இருக்கிற ஆள் இல்லை என்றே நான் முடிவு செய்துவிட்டேன்.

"இன்னிக்குக் காவலோட வந்திருக்கீங்க" என்றாள்.

"அக்கா மக."

"பேசுவாளா?"

"கேக்காமலே பேசுவா."

அவள் சிரித்துக்கொண்டு, கட்டியின் ஓரத்தில் கம்பியால் ஒரு துணுக்கு அறுத்து மாமாவிடம் நீட்டினாள். மாமா கண்ணை மூடி மென்றார். விழுங்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். "போன மாசத்துக்கு இது எவ்வளவோ மேல்" என்றார்.

"இது போன மாசம் வெட்டினதோட மிச்சம்தான்" என்றாள் அவள்.

எனக்கும் ஒரு துணுக்கு கிடைத்தது. வாயில் போட்டதும் ஆட்டுக் கொட்டகையின் வாடை மூக்கில் ஏறியது. துப்பினால் அவர்கள் பார்த்துவிடுவார்களே என்று கண்ணில் தண்ணீர் வர விழுங்கினேன். அவர்கள் என் பக்கமே திரும்பவில்லை. என் நாக்கில்தான் கோளாறு என்று பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாமா குரலை இறக்கி, "அண்ணன்கிட்ட பேசிட்டீங்களா?" என்றார்.

அவள் கட்டியைக் காகிதத்தில் மடித்தாள். பிரித்தாள். திரும்பவும் மடித்தாள். "அம்மாகிட்ட சொல்லியிருக்கேன். அம்மாதான் அவர்கிட்ட பேசணும். அடுத்த மாசம் வருவீங்கல்ல, முடிவச் சொல்றேன்."

"காய்தம் போடுவீங்களா?"

"போட்டா ஒங்களுக்கு யாரு படிச்சுக் காட்டுவா?"

"அதுவும் சரிதான்" என்றார் மாமா. அவருக்கும் எழுத்து தெரியாது.

திரும்பி வருகையில் ஈரச்சாக்கில் சுற்றிய பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டே வந்தார். அந்த நாற்றத்துக்கு எதிரில் இருந்தவர்கள் எழுந்து போனார்கள். எங்களுக்குக் கால் நீட்ட இடம் கிடைத்தது.

பங்களாவுக்குப் போனதும் மாமா அடுப்பு மூட்டப் போய்விட்டார். நான் பின்கட்டுப் படியில் நின்றேன். துரைசானி பொட்டலத்தை முகர்ந்து பார்த்துக்கொண்டே, தனக்குத் தெரிந்த தமிழில், "கடை ரொம்ப தூரமா, சின்னப்பொண்ணு?" என்று கேட்டார். கேட்காமலே பேசுகிறவள் நான், கேட்டால் விடுவேனா.

"ரொம்ப தூரம் தொரசாணி. ஆனா மாமா அலைய வேணாமாம். சீட்டு எழுதினா ஐஸ் பெட்டில வச்சு ரயில்லயே அனுப்புவாங்களாம். கடைக்காரரே சொன்னாரு."

துரைசானி என் கன்னத்தைத் தட்டி ஒரு பிஸ்கோத்துக் கொடுத்தார். கெட்டிக்காரி என்றார். மாமாவின் அலைச்சலை நானே தீர்த்துவைத்த பெருமையில் லயம் வரை ஓடினேன். அம்மாவிடம், கடைக்குத்தான் போனார், வேறெங்கும் போகவில்லை என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். அம்மாவுக்கும் நிம்மதி.

அடுத்த மாதம் சீஸ் ரயிலில் வந்தது. மாமா சுங்காய் ஸ்டேஷன் வரைக்கும் போய்ப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். யார் சொன்னது என்று அவருக்குத் தெரியும். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஈப்போவுக்கு ஒருநாள் லீவு கேட்டார். "சீஸ்தான் வருதே, எதுக்கு?" என்றார் துரைசானி. அதற்கடுத்த மாதமும் கேட்டார். அதே பதில். அந்தக் காலத்தில் உத்தரவு இல்லாமல் தோட்டத்தை விட்டுப் போக முடியாது, போனால் வேலை போய்விடும்.

ஐந்தாறு மாதம் கழித்துப் பல்வலி என்று தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஈப்போவில்தான் பல் பிடுங்குவார்கள். போனவர் அன்று சாயங்காலமே வந்தார், பல்லோடு. அந்தக் கதவண்டை இப்போது ஒரு சீனன் நிற்கிறானாம். கிராணியின் தங்கையைப் பினாங்கில் கட்டிக்கொடுத்துவிட்டார்களாம். இதை அவர் சொல்லவில்லை, அன்று மாமாவோடு ஈப்போ போய்வந்த தோட்டத்து வண்டிக்காரர் பிறகு அம்மாவிடம் சொன்னது.

மாமா அதற்குப் பிறகு அத்தையைக் கட்டினார், நல்ல மனுஷி, நான்கு பிள்ளைகள். அது வேறு கதை. நான் சொல்ல வந்தது வேறு. பெட்டி வருகிற மாதத்தில் ஒருநாள், குசினிப் பின்னால் வெங்காயம் உரித்துக்கொண்டே என்னைக் கூப்பிடுவார். "அன்னிக்கு ஈப்போ போனோமே, என்னென்ன பாத்தே, சொல்லு" என்பார். நானும் மலையிலிருந்து தொடங்கிச் சொல்வேன். கதவு, புகை, காலே இல்லாமல் நின்றது, அந்த அம்மா வந்தது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சேர்த்தும் சொல்வேன். ஒருமுறை அவள் சேலைக்கு நீலக் கரை போட்டுவிட்டேன்.

"பச்சை" என்றார் மாமா, வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

பெரியவர்களுக்கு மறதி வந்துவிடும், அதனால்தான் என்னைக் கேட்கிறார் என்று நான் அதுவரை நினைத்திருந்தேன். கரையின் நிறம்வரை ஞாபகம் வைத்திருக்கிறவர் எதற்காக என்னைச் சொல்லச் சொல்லிக் கேட்கிறார் என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை. "சரி, பச்சை" என்று மாற்றிச் சொல்லிவிட்டு மேலே போனேன்.

போதும், பேனாவை வை. இப்போது முதலிலிருந்து வாசி, நான் கேட்கிறேன். ஓடாதே. அந்தக் கதவு திறக்கிற இடம் வந்தால் கொஞ்சம் நிறுத்தி வாசி.