பணியாரத் தட்டு

எமிலியா டென்மார்க்கின் பிராண்டேயில் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்பவள். அவளுடைய படிப்பு மன்னாரோடு நின்றுபோனது. இப்போது அவளை நீதிமன்றத்துக்கு டொம்ஸ்மன் ஆக, சட்டம் படிக்காத நீதிபதியாக, அழைத்திருந்தார்கள். நீதிபதிக்குப் பக்கத்தில் அமர்ந்து, ஒருவர் குற்றவாளியா இல்லையா என்று அவருக்குச் சமமாக வாக்களிக்க வேண்டும். எந்த வழக்கு என்பது விசாரணை நாளன்று காலையில்தான் தெரியும்.

"நீதவான் அம்மா, எனக்குத் தேத்தண்ணி தருவியளோ, இல்லாட்டி உள்ள போடுவியளோ?" என்று கணவர் ஸ்ரான்லி சீண்டினார்.

"தேத்தண்ணியை நீங்களே போடுங்கோ. இல்லாட்டி உள்ளதான்."

அந்தப் பெருமையில்தான், ஞாயிறு பூசை முடிந்து கோப்பி குடிக்கும்போது சொல்லிவிட்டாள்: வெள்ளிக்கிழமை, ஹேர்னிங் நீதிமன்றம். எல்லோரும் வாழ்த்தினார்கள். அதே கோயிலுக்கு வரும் பிலோமினா மட்டும் கோப்பியைக் குடிக்காமல் கையில் வைத்தபடி நின்றாள்.

வியாழன் மாலை பிலோமினாவும் கணவர் இரத்தினசிங்கமும் வீட்டுக்கு வந்தார்கள். பல வருடமாக அந்தப் பக்கம் வராதவர்கள். தட்டு நிறையப் பயத்தம் பணியாரம். மழையைப் பற்றிக் கதைத்தார்கள், காருக்குக் குளிர்கால ரயர் மாற்றுவதைப் பற்றிக் கதைத்தார்கள். தங்கள் மகன் ஜெசிந்தனைப் பற்றி ஒரு சொல் இல்லை.

"என்ன அக்கா, ஏதும் விசேஷமோ?"

"சும்மா வந்தனாங்கள். சாப்பிடும், எமிலியா. எங்கட கண்ணுக்கு முன்னால ஒண்டு சாப்பிடும்."

சாப்பிட்டாள். தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கிற வழக்கமில்லை. ஏதாவது செய்து நிரப்பிக் கொடுக்கலாமென்று எடுத்து வைத்தாள். வாசலில் இரத்தினசிங்கம் அவள் கையை இரு கைகளாலும் பற்றினார். விடுவதற்குக் கொஞ்சம் நேரமாயிற்று.

மறுநாள் காலை, வழக்கு மண்டபத்துக்குப் பின்னாலிருந்த சிறிய அறையில் நீதிபதி வழக்கைச் சுருக்கமாகச் சொன்னார். மதுச்சாலை வாசலில் போத்தலால் ஒருவனின் முகத்தைக் கிழித்ததாகக் குற்றச்சாட்டு. குற்றம் சாட்டப்பட்டவர் ஜெசிந்தன் இரத்தினசிங்கம்.

"உங்களில் யாருக்காவது இவரைத் தெரியுமா?"

எமிலியாவின் வாயில் பயத்தம் மாவின் இனிப்பு மறுபடியும் ஊறியது. அவர்கள் எதையும் கேட்கவில்லை. கேட்காமலே தங்கள் பலகாரத்தில் கை நனைக்க வைத்துவிட்டார்கள். பேசாமல் இருந்துவிடலாம். ஆனால் முகம் கிழிந்தவனும் யாரோ பெற்ற பிள்ளை.

"தெரியும். ஒரே கோயில்," என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். "நேற்று அவருடைய பெற்றோர் என் வீட்டுக்கு வந்தார்கள். பலகாரம் கொண்டுவந்தார்கள்."

நீதிபதி பேனாவை எடுத்தார். அன்றைக்கு அவள் தேவையில்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

வெளியே நீண்ட வாங்கில் பிலோமினா செபமாலையோடு இருந்தாள். பக்கத்தில் இரத்தினசிங்கம்.

"ஏன் பிள்ளை வெளியில வந்தனீர்? உள்ளயெல்லோ இருக்கவேணும்?"

"நீங்கள் நேற்று வந்ததைச் சொல்லிப்போட்டன், அக்கா."

செபமாலை உருட்டிய விரல் நின்றது. அதற்குள் கதவு திறந்தது. அரசதரப்பு வழக்கறிஞர் எட்டிப்பார்த்து, ஜெசிந்தனின் பெற்றோர் யார் என்று டேனிஷில் கேட்டாள்.

இரத்தினசிங்கம் அந்தப் பக்கம் திரும்பவில்லை. எமிலியாவைப் பார்த்தபடியே மெல்ல எழுந்தார்.

"எங்கட தட்டை இண்டைக்கே கொண்டந்து தாரும்," என்றார். "வெறுமையாத் தந்தாப் போதும்."