பந்தலில் நடந்த சேர்க்கை

என் கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தவர் இசபெல்லா மேடம். அப்போது அவர் கல்லூரி வாசலுக்கு எதிரே, வேலைநிறுத்தப் பந்தலில் ஜமுக்காளத்தின்மேல் உட்கார்ந்திருந்தார். 1984 ஜூலை மாதம்.

கம்பைநல்லூரிலிருந்து என்னை அழைத்து வந்த அப்பா பந்தலைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "ஏம்மா, வாத்தியாருங்களே தெருவுல உக்காந்திருக்காங்க. நீ உள்ள போயி என்னத்த படிக்கப் போற?"

"உள்ள யாரும் இல்லீங்க, இங்க வாங்க" என்று கூப்பிட்டார் மேடம். "மார்க் ஷீட் கொண்டாந்தியா பாப்பா?"

அவர் வரலாற்றுத் துறை விரிவுரையாளர். கடத்தூர்ப் பக்கம் சோளமும் கடலையும் போட்டுப் பிழைத்த கத்தோலிக்கக் குடும்பம். கல்லூரிகளில் பி.யு.சி. போய் பள்ளிகளில் பிளஸ் டூ வந்தபோது வரலாற்றுக்குப் பாடவேளை குறைந்தது. உபரி ஆசிரியர் என்று கைக்குழந்தையோடு இருந்தவரை ராமநாதபுரத்துக்கு மாற்றினார்கள். ஆசிரியர் சங்கம் சென்னைவரை போய் அந்த மாறுதலை ரத்து செய்ய வைத்தது. அதை அவர் மறக்கவில்லை.

இப்போது இன்னொரு உத்தரவு வந்திருந்தது. வாரத்துக்கு நான்கு மணி நேரம் கூடுதல் பாடம். ஜூலை முப்பத்தொன்றுக்குள் இருபது பேர் சேராத தமிழ்வழிப் பிரிவு மூடப்படும். உத்தரவைத் திரும்பப் பெறும்வரை சேர்க்கை வேலை செய்வதில்லை என்று சங்கம் முடிவெடுத்தது. "நாம சேர்க்காம வுட்டா அவங்களுக்கு மூடறது இன்னும் சுலபமில்லீங்களா?" என்று கூட்டத்தில் மேடம் கேட்டிருக்கிறார். அவர் பக்கம் ஒரு கைகூட உயரவில்லையாம்.

அதனால் பந்தலிலேயே ஆரம்பித்துவிட்டார். கோஷத்துக்குக் கோஷம், நடுவில் விண்ணப்பம் நிரப்புவது, சான்றிதழ் சரிபார்ப்பது. சங்கச் செயலாளர், பொருளியல் கோவிந்தன் சார், இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார்.

"மேடம், சேர்க்கை வேலை செய்யக் கூடாதுன்னு தீர்மானம் போட்டிருக்கறோம்."

"நான் பந்தல வுட்டு எந்திரிச்சனாங்க சார்?"

"இங்க உக்காந்து செஞ்சா அது வேலை இல்லீங்களா?"

"கோஷத்துல உங்க குரலவிட எங்குரல்தான் பெருசா கேக்குது. அதயும் பாருங்க."

பந்தலில் சிரித்தார்கள். கோவிந்தன் சார் சிரிக்கவில்லை.

முப்பத்தொன்றாம் தேதி மதியம் தமிழ்வழி வரலாற்றுக்கு இருபத்தொரு விண்ணப்பங்கள் சேர்ந்துவிட்டன. நாங்கள் நாலைந்து பேர் விண்ணப்பக் கட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனோம். முதல்வர் கிருஷ்ணப்பன் திருப்பிக் கொடுத்தார். பணியில் இருக்கும் ஆசிரியர் ஒருவர் கையெழுத்து வேண்டும், வேலைநிறுத்தத்தில் இருப்பவர் சரிபார்த்தது செல்லாது, ஐந்து மணிக்குச் சேர்க்கை முடிந்துவிடும் என்றார்.

பந்தலுக்குத் திரும்பி நாங்கள் சொன்னதை மேடம் ஜமுக்காள ஓரத்து நூலைப் பிரித்துக்கொண்டே கேட்டார். பிறகு எழுந்து, எல்லாருக்கும் கேட்கும்படி, "உள்ள போறேங்க. கையெழுத்துப் போட்டுட்டு வந்துடறேன்" என்றார்.

"போனா திரும்பி வர வேண்டாங்க" என்றார் கோவிந்தன் சார்.

"வருவேங்க சார். என் எடத்துல வேற யாரையும் உக்கார வெச்சிராதீங்க."

"மொதல்ல அந்த பேட்ஜைக் கழட்டுங்க" என்றார் முதல்வர், மேடம் அவர் அறைக்குள் நுழைந்ததும்.

புடவையில் குத்தியிருந்த சங்கத்தின் சிவப்பு அட்டையை மேடம் தொடவில்லை. "பணியில இருக்கற ஆசிரியர்னுதானுங்களே சார் சொன்னீங்க? இன்னிக்கு வருகைப் பதிவேட்டுல கையெழுத்துப் போட்டுட்டுத்தான் வர்றேன்."

முதல்வர் கடிகாரத்தைப் பார்த்தார். நாலரை. கதவோரம் நின்ற எங்களைப் பார்த்தார். பிறகு மேடம் கையெழுத்துப் போட்டு முடித்த விண்ணப்பக் கட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

மேடம் திரும்பி வந்து பழைய இடத்திலேயே உட்கார்ந்தார். அன்று அவரோடு யாரும் பேசவில்லை.

அவர் செய்தது சரிதானா? எங்கள் வீட்டில் முதல் பட்டதாரியான பிறகும் எனக்கு முழுதாகத் தெரியவில்லை. ஒவ்வொருவரும் தனக்குச் சரியென்று பட்டதற்காக எழுந்து போனால் சங்கம் எப்படி நிற்கும்? என் இடமும் அந்தக் கட்டில் இருந்ததால்தான் எனக்கு அது நியாயமாகப் படுகிறதோ என்றும் தோன்றும்.

இரண்டு நாளில் போராட்டம் முடிந்தது. நான்கு மணி நேரம் இரண்டாகக் குறைந்தது. அடுத்த நாளே மேடத்துக்கு இரண்டு கடிதங்கள். கடமை நேரத்தில் பேட்ஜ் அணிந்ததற்கு முதல்வர் மெமோ. தீர்மானத்தை மீறியதற்கு ஏன் நீக்கக் கூடாது என்று சங்கத்தின் நோட்டீஸ்.

என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று என்னைத் துறைக்குக் கூப்பிட்டார். தாளுக்கு அடியில் கார்பன் வைத்தார்.

"ரெண்டுக்கும் ஒரே பதில் போதும் பாப்பா, எழுது. 'நான் செய்ததை மறுக்கவில்லை. தமிழ்வழி வரலாற்றுப் பிரிவில் இருபத்தொரு பேர் சேர்ந்திருக்கிறார்கள். ஆகஸ்ட் பதின்மூன்று திங்கட்கிழமை வகுப்பு தொடங்குகிறது.' அவ்வளவுதான்."

"ஒரிஜினல் யாருக்குங்க மேடம்?"

கொஞ்சம் யோசித்தார். "சங்கத்துக்குக் குடு. காப்பி ஆபீசுக்கு."

கோவிந்தன் சார் அதை நின்றபடியே படித்தார். மறுபடியும் படித்தார்.

"திங்கக்கெழம முதல் பீரியட் யாருதும்மா?"

"உங்களுதுங்க சார். பொருளியல் துணைப்பாடம்."

கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "அந்த இருபத்தொரு பேரு பட்டியலக் கொண்டா" என்றார்.